இரண்டு குப்பி, ஒரே ரத்தம்

1

குடிநுழைவு அலுவலகத்து இயந்திரத்துக்கு என் கட்டைவிரலைப் பிடிக்கவில்லை.

போன வாரம் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். இங்கே வாக்கப்பட்டு வந்த வெளிநாட்டுப் பெண்களுக்கு இது வழக்கமான யாத்திரைதான். கணவனும் கூடவே வந்து முகத்தைக் காட்ட வேண்டும். கல்யாணம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள் போல. காடியை எங்கே நிறுத்துவது என்று வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு வந்த நாங்கள், உள்ளே போனதும் ஒட்டி உட்கார்ந்து புன்னகை செய்தோம். காடி என்றால் இங்கே கார். எனக்கே இப்போது கார் என்று வாயில் வருவதில்லை. பள்ளி விடுமுறை என்பதால் எங்கள் மகள் தாரணியும் வந்திருந்தாள்.

முகப்பில் இருந்த மலாய்ப் பெண் என் கட்டைவிரலைக் கண்ணாடிமேல் வைக்கச் சொன்னாள். வைத்தேன். சிவப்பு விளக்கு. துடைத்து வைத்தேன். மறுபடியும் சிவப்பு. "இன்னும் கொஞ்சம் அழுத்துங்க, காக்," என்றாள், மலாயில் அக்கா என்று மரியாதையாக. அழுத்தினேன். அப்போதும் சிவப்புதான். என் கணவர் குமரேசன் அவளிடம் மலாயில், "நாள் பூரா கீபோர்டைத் தட்டியே ரேகையைத் தேய்த்துவிட்டாள்," என்று போட்டுக்கொடுத்தார். அவள் சிரித்துவிட்டாள்.

அப்போதுதான் தாரணி நாற்காலியில் ஏறி நின்று தன் கட்டைவிரலை நீட்டினாள்.

"அம்மா, நான் வைக்கவா? நான் உங்க பிள்ளதானே, சேம் லா."

எனக்கு வந்த சிரிப்பில் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குமரேசனுக்கும் ஏன் சிரிக்கிறேன் என்று தெரிந்து, அவரும் தொடங்கிவிட்டார். அலுவலகப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. ஈரத் துணியைக் கொடுத்து, விரலை நன்றாகத் துடைத்து, அடுத்த முறை பச்சை விளக்கு எரிந்து, என்னை இந்த நாட்டில் இன்னும் கொஞ்ச காலம் வைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள்.

"பாதிதான் சேம்," என்றேன் மகளிடம் வெளியே வந்ததும். "மீதிப் பாதி உங்கப்பா."

ஏன் அப்படிச் சிரித்தேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

என் ஊர் சிவகாசி. அப்பா காலண்டர் அச்சடிக்கும் இடத்தில் பிழை திருத்துபவராக இருந்தார். நான் பெங்களூரில் படித்தேன், அங்கே படிக்க வந்திருந்த தம்பின் பையனைக் கல்யாணம் செய்துகொண்டேன், இந்த ஊருக்கு வந்து சேர்ந்தேன். தம்பின், நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ஓரத்து ஊர். அதற்கான ரயில் நிலையமோ எல்லைக்கு அந்தப் பக்கம் மலாக்காவில் இருக்கிறது. ஆக, நான் காலையில் வேலைக்கு ரயிலேறவே தினமும் ஒரு மாநில எல்லையைத் தாண்டுகிறேன். இதை அம்மாவிடம் சொன்னபோது, "அதுக்கும் விசா கேப்பாங்களாடி?" என்றாள்.

வேலை என்ன என்று ஊரில் எல்லாரும் கேட்கிறீர்கள். அப்பாவை வைத்தே சொல்லிவிடலாம். உடம்பில் ஒவ்வொரு செல்லும் பிரியும்போது, அதற்குள் இருக்கும் மரபுச் செய்தி முழுவதும் எழுத்து எழுத்தாகப் படியெடுக்கப்படுகிறது. படியெடுக்கும்போது பிழை வரத்தான் செய்யும். அதைப் பிடித்துத் திருத்த உடம்பிலேயே என் அப்பாவைப் போன்ற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களும் மரபணுக்கள் சொல்லித்தான் உருவாகிறார்கள். அந்தத் திருத்துகிற மரபணுவே பிறவியில் பழுதாகி இருந்தால்? பிழைமேல் பிழை சேரும். மரபுச் செய்தி மொத்தமும் நிலைகுலையும். ஒரு நாள் அது புற்றுநோயாகிவிடும். நோயாளியின் கட்டியில் எந்த மாதிரிப் பிழைகள் மண்டிக் கிடக்கின்றன என்று கணினியில் பார்த்து, பிறவிப் பழுது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் குழுவின் வேலை. நான் மருத்துவர் இல்லை. யாருக்கும் ஊசி போட்டதில்லை. நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இதைச் செய்வதில் எனக்கு இருக்கும் சந்தோஷத்தை வெளியே சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வார்கள். கோடிக்கணக்கான எழுத்துகளுக்கு நடுவே ஒன்றே ஒன்று புரண்டு கிடப்பதைக் கண்டுபிடிக்கும் நிமிடத்தில் மேசையைத் தட்டிப் பாடலாம் போல இருக்கும். அது யாரோ ஒருவருடைய உடம்பு என்பது அடுத்த நிமிடம்தான் உறைக்கும்.

3

புஷ்பா எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது வெள்ளை வேனில். தாரணியைப் பள்ளிக்கு ஏற்றிப் போகிறவர் அவர். நாற்பதைத் தாண்டியவர், கட்டைக் குரல், கறுப்புக் கண்ணாடி. லாரிக்காரர்களே ஒதுங்கி வழிவிடும் அளவுக்கு ஹாரன் அடிப்பார். முதல் நாள் வாசலில் வண்டியை நிறுத்தி என்னைப் பார்த்து, "பசியாறிட்டீங்களா, தாரணியம்மா?" என்று கேட்டார். என் முகம் வாடிக் கிடக்கிறதோ என்று நினைத்து, "இல்லையே, பசியெல்லாம் இல்லையே," என்று பதறினேன். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்பதைத்தான் இங்கே அப்படிக் கேட்பார்கள். இவ்வளவு அழகான சொல்லை நாம் ஊரில் எங்கே தொலைத்தோம் என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாரணிக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது நானில்லை, அந்த வேன்தான். நான் "மெதுவாகச் சாப்பிடு" என்றால் "ஸ்லோவாதான் லா சாப்பிடுறேன்" என்பாள்; 'லா' போடாமல் இங்கே பேச்சு முடியாது. சிவகாசி அம்மாச்சியோடு போனில் பேசும்போது பாதி மலாய், கால் ஆங்கிலம், மீதி புஷ்பா. அம்மா போனை என்னிடம் கொடுக்கச் சொல்லி, "பிள்ளை என்ன பாஷைடி பேசுது?" என்று கேட்பாள். முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. உட்கார வைத்துத் திருத்தியும் பார்த்தேன். அவள் வேனில் ஏறும்போது பேசுகிற வேகத்தையும் என்னிடம் பேசுகிற தயக்கத்தையும் கேட்ட பிறகு, திருத்துகிற வேலையை ஆய்வகத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

புஷ்பா பிறந்து வளர்ந்தது பெடாஸ் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். தோட்டம் என்றால் எஸ்டேட். பால்மரம் என்கிற ரப்பர் இருந்த இடமெல்லாம் இப்போது எண்ணெய்க்கான செம்பனை. அண்ணன் சேகரன் அங்கேதான் எண்ணெய் ஆலையில் வேலை செய்துகொண்டு இருக்கிறார். அண்ணி மல்லிகா லிங்கிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். ஞாயிற்றுக்கிழமை மல்லிகா வைக்கும் கோழிக் குழம்புக்காக புஷ்பா தவறாமல் போய்விடுவார். திங்கட்கிழமை காலை வேனில் அந்தக் குழம்பு எனக்கும் ஒரு டப்பாவில் வரும். எங்கள் நட்பு அப்படி வளர்ந்தது.

சேகரனுக்குக் குடலில் புற்றுநோய் வந்தது. ஐம்பதுகூட ஆகவில்லை. அறுவை முடிந்து தேறி எழுந்துவிட்டார். ஆனால் அவர்களுடைய அப்பாவும் வயிற்றில் கட்டி வந்து இளவயதிலேயே போனவர். மருத்துவமனையில் அதைக் கேட்டதும் எங்கள் ஆய்வுக்கு அனுப்பினார்கள். சேகரனின் கட்டியில் நான் பார்த்துப் பழகிய அதே தடுமாற்றம் இருந்தது. திருத்துகிற மரபணு ஒன்றில் பிறவிப் பழுது. கூடப் பிறந்தவர்களுக்கு அது இருக்கவும் செய்யலாம், இல்லாமலும் போகலாம். பூவா தலையா கணக்குத்தான். சேகரனுக்குக் கூடப் பிறந்தவர் ஒரே ஒருத்தர்.

4

பெடாஸ் பக்கத்துக் குடும்பங்களுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மண்டபத்தில் ரத்தம் எடுக்க ஏற்பாடு செய்தோம். தமிழில் விளக்கிச் சொல்ல என்னை அழைத்துப் போனார் ரோஹானா. அவர்தான் எங்கள் ஆய்வின் தாதி. பெயர்களும் எண்களும் அவர் பொறுப்பு. எங்கள் கணினிக்கு எண் மட்டும்தான் வரும். சேகரன் வீட்டிலிருந்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். சேகரன், தங்கை புஷ்பா, மனைவி மல்லிகா. பெற்றவர் இருவரின் ரத்தமும் இருந்தால் நாளைக்குப் பிள்ளைகளின் கணக்கைப் போடுவது எளிது என்பதால் மனைவியிடமும் கேட்டிருந்தோம்.

மண்டபத்தில் ஒரே கூட்டம். ரத்தம் கொடுக்க வந்தவர்களை விட மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட வந்தவர்கள் அதிகம். காலையில் ஒரு குழு ரத்தம் எடுத்தது, சாப்பாட்டுக்குப் பிறகு வேறு குழு. நான் ஒரு மூலையில் உட்கார்ந்து அப்பாவின் பிழைதிருத்தும் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சில வாரம் கழித்துத் தரவு என் திரைக்கு வந்தது. எதையும் தேடுவதற்கு முன்பு, வந்திருப்பவர்களில் யார் யாருக்கு உறவு என்று கணினியை ஒருமுறை சரிபார்க்கச் சொல்வோம். அண்ணன் தங்கை என்றால் மரபுச் செய்தியில் ஏறக்குறைய பாதி ஒத்துப்போக வேண்டும்.

கணினி சொன்னது இதுதான்: இந்த அண்ணனுக்கும் இந்தத் தங்கைக்கும் உறவே இல்லை. ஆனால் தங்கையும் அண்ணன் மனைவியும் ஒரே ஆள்.

சிவப்புக் கோடு போட்டு அங்கேயே நின்றுவிட்டது. நான் மறுபடி ஓடவிட்டேன். அதே கோடு. வேறு வழியில் கணக்குப் போட்டேன். அதே. என் கோபம் குடும்பத்துக்கே பேர்போனது. ஆய்வகத்தில் குப்பிகளைத் தொட்ட எல்லாரையும் ஒரு சுற்று சந்தேகப்பட்டேன். குப்பி மாறவில்லை, ஒட்டுத்தாள் மாறவில்லை, எல்லாம் சரியாக இருந்தது. சந்தேகப்பட்டவர்களுக்கெல்லாம் கறிபாப் பலகாரம் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்துவிட்டு ரோஹானாவிடம் போய் நின்றேன். அவர் தன் கோப்பைத் திறந்து பார்த்தார். பிறகு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "உன் தோட்டத்து அக்காமார்கள்தான்," என்றார்.

5

அடுத்த ஞாயிறு ரோஹானாவும் நானும் சேகரன் வீட்டுக்குப் போனோம். குழம்பு வாசனை வாசலுக்கே வந்தது. புஷ்பாவின் வேன் மாமரத்தடியில் நின்றது. சேகரன் பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டார். மல்லிகா தேநீர் கொண்டுவந்து வைத்தார். நல்ல உயரம், நெற்றி நிறையக் குங்குமம், வீட்டில் எதுவும் அவரைக் கேட்காமல் நகராது.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "அன்னிக்கு ரத்தம் எடுத்தப்போ உங்க ரெண்டு பேரோட குப்பியும் மாறிப்போச்சா, அக்கா?" என்று கேட்டேன்.

"மாறலையே," என்றார் மல்லிகா. "ரெண்டையும் நான்தானே குடுத்தேன்."

நான் தேநீரைக் கீழே வைத்தேன்.

"காலையில என்னோடத குடுத்தேன். இவ வண்டிக்குள்ளயே உக்காந்துக்கிட்டு நடுங்குறா. ஊசின்னா இவளுக்குச் சின்ன வயசுலேருந்தே ஆவாது. சரி, பாவம்னு சாப்பாட்டுக்கு அப்புறம் இவ சீட்டையும் ஐசியையும் எடுத்துக்கிட்டுப் போயி மறுபடியும் குடுத்துட்டு வந்தேன். புதுப் பிள்ளைங்க, கேக்கல." அடையாள அட்டையில் இருந்த படத்திலும் பெரிய குங்குமம்தான், அது ஒன்றே போதுமாக இருந்திருக்கிறது.

"ஒருத்தருக்காக இன்னொருத்தர் குடுக்கலாமா, அக்கா?"

"ஏன் லா, என்னா தப்பு?" அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. "இவருக்கு ஆப்பரேஷன் செஞ்சப்போ யார் வேணும்னாலும் ரத்தம் குடுக்கலாம்னுதானே ஆஸ்பத்திரில சொன்னாங்க? நான்தான் குடுத்தேன். வருசா வருசம் இவளுக்கு வேண்டிக்கிட்டு பால்குடம் எடுக்குறதும் நான்தான். இவ வெயில்ல நடந்தா மயங்கிருவா. ஆத்தா ஒருநாளும் நீ ஏன் வந்த, அவ எங்கன்னு கேட்டதில்ல. சரி, உங்க மிஷின் மட்டும் எப்படிக் கண்டுபுடிச்சுச்சு?"

என் வாயில் வந்திருந்த கோபம் அப்படியே நின்றுபோனது. நான் ஆராய்ச்சிப் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுக்கு உட்கார்ந்திருந்த நாளில் என் அம்மா எங்கள் ஊர் மாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுத்தாள். உள்ளங்கை கொப்பளித்தது அவளுக்கு, பட்டம் வந்தது எனக்கு. இது எப்படிச் செல்லும் என்று நான் என்றைக்காவது கேட்டேனா?

சேகரன்தான் முதலில் சிரித்தார். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்ப கம்பியூட்டர் கணக்குல எனக்கும் என் தங்கச்சிக்கும் சம்பந்தமே இல்ல. முன்னாடியே சொல்லியிருந்தா சின்ன வயசுல முட்டாயில பாதி குடுத்திருக்க மாட்டேன் லா." ரோஹானாவுக்கு மலாயில் சொன்னதும் அவர் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். புஷ்பாவும் சிரித்தார். கொஞ்ச நேரம் எல்லாருமாகச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

மல்லிகா மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார். "தாரணியம்மா, ஒண்ணு கேக்குறேன். மிஷின் கண்டுபுடிக்காம விட்டிருந்தா? என் ரத்தத்தப் பாத்துட்டு, புஷ்பாவுக்கு ஒண்ணும் இல்ல, நிம்மதியா போன்னு சொல்லியிருப்பீங்களா?"

"சொல்லியிருப்பாங்க, அக்கா."

"உள்ள இருந்தாலும்?"

"இருந்தாலும்."

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. புஷ்பாவைத் திரும்பிப் பார்த்தார். புஷ்பா எழுந்தார். சாவியை எடுத்தார். "நான் குடுக்க மாட்டேன்," என்றார். "அப்பாவுக்கு என்ன வியாதின்னு தெரியிற வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு. தெரிஞ்சு மூணே மாசம். எனக்குத் தெரிய வேணாம்." குழம்பைத் தொடாமல் வேனைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

6

யாரையும் வற்புறுத்தக் கூடாது என்பது எங்கள் வேலையில் கட்டாய விதி. ரோஹானா அதை எனக்கு இரண்டு முறை நினைவூட்டினார். என் குணம் அவருக்குத் தெரியும்.

வேன் தினமும் வந்தது. புஷ்பா இறங்கவில்லை, பசியாறியாச்சா என்று கேட்கவில்லை. தெருமுனையிலேயே ஹாரன் அடித்தார், தாரணி பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். "ஆண்ட்டி இப்ப பாட்டே போடுறது இல்ல," என்றாள் ஒரு நாள். திங்கட்கிழமை டப்பாவும் நின்றுபோனது. எனக்கு அவரை உலுக்கி எடுக்க வேண்டும் போல இருந்தது. இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளப் பயப்படுகிறவரிடம், இருந்தால்கூட இப்போதே பார்த்துத் தடுத்துவிட முடியும் என்று எந்தப் பாஷையில் சொல்வது? அப்பாவின் காலத்தில் முடியவில்லை, இப்போது முடியும். இதைத்தான் நான் கேட்டிலிருந்தே கத்தியிருப்பேன். வாயை மூடிக்கொண்டு கையசைத்தேன்.

ஒரு காலை, வேன் எங்கள் வாசலுக்கே வந்து நின்றது. எஞ்சின் அணைந்தது. புஷ்பா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்ணி கறி சாப்பிடுறத விட்டுட்டாங்க," என்றார்.

"என்ன?"

"நான் போய் ரத்தம் குடுக்குற வரைக்கும் கோழி, மீன், முட்டை ஒண்ணும் தொட மாட்டாங்களாம். ஆத்தாகிட்ட சொல்லிட்டாங்களாம். வீட்ட பூரா பருப்பும் கீரையுமா ஆக்கிட்டாங்க. அண்ணன் தினமும் போன் போட்டு அழுவுறாரு, எனக்கு ஒரு முட்டையாச்சும் வாங்கிக் குடு லான்னு." சிரிக்கத் தொடங்கிய குரல் நடுவில் உடைந்துவிட்டது. "நான் செய்ய வேண்டியத எப்பவும் அவுங்களே செஞ்சு செஞ்சு பழகிட்டாங்க. இதையாச்சும் நான் செய்யலன்னா, அவுங்க சோத்தையே விட்டுருவாங்க. நீங்க என்கூட வர்றீங்களா?"

வேனுக்குள் இருந்த பிள்ளைகள் எல்லாம் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. அன்று எல்லாரும் பள்ளிக்குத் தாமதம்.

ரத்தம் கொடுக்கும் அறைக்கு மல்லிகாவும் வந்தார். "நான் மொதல்ல குடுத்துக் காட்டவா?" என்று கேட்டார். ரோஹானா இந்த முறை அடையாள அட்டையை முகத்தோடு வைத்து மூன்று தடவை பார்த்தார். மல்லிகாவை வாசலுக்கு வெளியே உட்கார வைத்தார். புஷ்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, தன் வேன் நிற்கும் இடங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். பசார் முனையில் கவின், கோயில் பக்கத்தில் இரட்டைப் பிள்ளைகள், பெட்ரோல் நிலையத்துக்கு எதிரே லீ வீட்டுப் பையன். "அப்புறம் தாரணி," என்று சொல்லும்போது ஊசி வெளியே வந்துவிட்டது.

"முடிஞ்சிருச்சா?" என்றார்.

"முடிஞ்சிருச்சு."

"இவ்வளவுதானா?" அவருக்கு ஏமாற்றமாகவே இருந்தது.

அன்று மத்தியானம் சேகரன் வீட்டில் கோழி, ஆட்டுக்கறி, மீன் எல்லாம் ஒன்றாக வெந்தன. எனக்கு இரண்டு டப்பா வந்தது.

7

புதிய தரவு வந்தபோது உறவுச் சோதனையை முதலில் ஓட்டினேன். இந்த முறை சிவப்புக் கோடு இல்லை. பாதிக்குப் பாதி ஒத்துப்போயிற்று. அசல் அண்ணன், அசல் தங்கை. ஒரு நிமிடம் மனதுக்குள் மேசையைத் தட்டினேன். பிறகு சேகரனுக்குப் புரண்டிருந்த அந்த எழுத்தைத் தேடினேன்.

அதே இடத்தில், அதே மாதிரி, தங்கைக்கும் புரண்டிருந்தது.

எண்தான் வரும், பெயர் வராது என்று சொன்னேனே. ஆனால் இந்த எண் யார் என்று எனக்குத் தெரியும். நான் ரயிலில் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு தம்பின் வரை அழுதேன். மருத்துவமனை தனியாக ஒருமுறை சோதித்து, அங்கிருக்கும் மருத்துவர்தான் அவரிடம் சொல்ல வேண்டும். நான் வாயைத் திறக்கக் கூடாது. மறுநாள் காலை வேன் வந்தது. "பசியாறிட்டீங்களா, தாரணியம்மா?" என்றார் புஷ்பா. "ஆச்சு, ஆச்சு," என்று சிரித்தேன். என் பிள்ளையை ஏற்றிக் கதவைச் சாத்தினேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமாக ஒரு கதவைச் சாத்தியதில்லை.

மருத்துவமனையில் சொன்ன நாளில் அவர் என்னைக் கூப்பிடவில்லை. மல்லிகாதான் கூப்பிட்டார். "சொல்லிட்டாங்க. அழுதா. இப்ப சாப்பிடுறா," என்றார். சாப்பிடுகிறார் என்றதும் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்தது குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது. அதற்கு முந்தின நாள் வெறும் நீராகாரம், வயிற்றைக் கழுவும் மருந்து. மல்லிகா தானும் சாப்பிடாமல் கூடவே இருந்தார். அந்த மருந்தையும் ஒரு டம்ளர் குடிக்கிறேன் என்று கிளம்பியவரை, "அது வேணாம் தாயி, நான் குடிச்சவன் சொல்றேன்," என்று சேகரன் தடுத்துவிட்டார்.

குடலில் சின்னச் சின்னச் சதை மொட்டுகள் இருந்தன. அதில் ஒன்று கெட்ட பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தது. அங்கேயே, அப்போதே கத்தரித்து எடுத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு மூன்று வருடம் விட்டிருந்தால் என்று மருத்துவர் சொல்லத் தொடங்கி, மல்லிகாவின் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்கவில்லையாம். இனி வருடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். "புஷ்பாவுக்கும் செக்கிங் லா, வருசா வருசம் வண்டிக்குச் செய்யிறதுதானே," என்று குரல் செய்தி அனுப்பியிருந்தார் புஷ்பா. பின்னால் அவருடைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

நான் அதை ஆய்வகத்தில் மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன். பக்கத்து மேசைக்காரர் என்ன ஆயிற்று என்று கேட்டார். "ஒரு ஆள் நல்லா இருக்காங்க," என்றேன். எங்கள் வேலையில் இதைச் சொல்ல வாய்ப்பு அதிகம் வருவதில்லை.

8

போன மாதம் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. தோட்டத்தில் இப்போது குடியிருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான்; ஆனால் அன்றைக்குச் சிரம்பானிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் காடி காடியாக ஆட்கள் வந்து இறங்கியதில், செம்பனைக்கு நடுவே நிறுத்த இடமில்லை. நாங்கள் மூன்று பேரும் போனோம். தாரணிக்கு மஞ்சள் பாவாடை. சிவகாசியிலிருந்து அம்மா வீடியோவில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளையார் கோயிலிலிருந்து பால்குடங்கள் புறப்பட்டன. மல்லிகா வரிசையில் இல்லை. வேலியோரம், தலையில் ஒன்றுமில்லாமல், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றிருந்தார். அவருக்கு முட்டிவலி வந்து சில மாதமாகிறது. இனி நடக்க முடியாது என்று சேகரன் தடுத்திருந்தார்.

வரிசையில் புஷ்பா வந்தார். மஞ்சள் சேலை, ஈரத் தலைமுடி, தலைமேல் குடம். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார். கிட்டே வந்ததும் காதில் விழுந்தது. பசார் முனை, கவின். கோயில் பக்கம், இரட்டைப் பிள்ளைகள்.

"மெதுவா போடி," என்று மல்லிகா வேலியோரமாகவே கூட நடந்தார். "தண்ணி வேணுமா? நெழல்ல வா. நான் கொஞ்ச தூரம் தூக்கட்டுமா?" புஷ்பா திரும்பவில்லை. மயங்கவும் இல்லை. சன்னதி வரை வந்து குடத்தை இறக்கினார். பால் ஒரு சொட்டுக்கூடச் சிந்தியிருக்கவில்லை. மல்லிகா கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே நுழைந்து அவருக்குப் பின்னால் நின்றார். நாங்களும் நுழைந்துவிட்டோம்.

பூசாரி குடத்தை வாங்கிக்கொண்டு வழக்கம்போல் கேட்டார். "யார் பேருக்கும்மா?"

"மல்லிகா," என்றார் புஷ்பா. "என் அண்ணி. முட்டிவலி சரியாவணும்."

அதே நேரத்தில், இத்தனை வருடப் பழக்கத்தில், பின்னாலிருந்து மல்லிகாவின் குரல் வந்தது. "புஷ்பா."

எங்கள் கணினியாக இருந்தால் அந்த இடத்தில் சிவப்புக் கோடு போட்டு நின்றிருக்கும். பூசாரி நிற்கவில்லை. இரண்டு பேரையும் பார்த்தார், இரண்டு பெயரையும் சொன்னார், பாலை ஊற்றினார்.